வெள்ளைக்கரட்டின் கனம்

1952ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலையில் வெள்ளைக்கரடு என்ற ஊரில் உடையப்பன் தன் வீட்டு வாசலிலிருந்து காற்றில் பறந்துபோனான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைக்காட்டைப் பார்க்கக் கிளம்பியிருந்தான். காட்டில் பார்க்க ஒன்றும் இல்லை, பழக்கத்தில் கால் கிளம்பியது. வருடந்தோறும் கன்னிவாடி மலைப்பக்கமிருந்து வருகிற மேல்காற்றுதான் அவனைத் தூக்கியது. வேப்பமரத்துக்கு மேலே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கிழக்கே திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்துத் திருப்பிவிட்டது. அவன் மனைவி சுந்தரம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது அவனுடைய உள்ளங்கால்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. "துண்டை எடுத்துக்கிட்டீகளா?" என்று கத்தினாள். அவன் என்னவோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை.

ஊரில் யாரும் அதிர்ந்துபோய்விடவில்லை. மழை பொய்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. முதலில் கிணறு வற்றியது, பிறகு மாடு போனது, அதற்குப் பிறகு மனிதர்களிடமிருந்து கனம் போக ஆரம்பித்தது. மெலிவு வேறு, இது வேறு. பார்க்க ஆள் ஆளாகவே இருப்பார். ஆனால் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தொய்யாது, புழுதியில் நடந்தால் தடம் விழாது. வறண்ட கிணற்றுக்குள் தவறி விழுந்த ஒரு பெரியவர் ஆலிலை மாதிரி ஆடி ஆடி இறங்கி அடியில் போய் நின்றார். ஒரு சிராய்ப்பு இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வெள்ளைக்கரட்டில் அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது, அரைக்கிறவர்கள்தான் பறந்தார்கள். சர்க்கார் திறந்த கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கமாயிற்று. நிலமும் அப்படித்தான் இருந்தது. மேல்மண் பொருக்குப் பொருக்காக எழும்பி யார் யார் எல்லையிலோ போய் இறங்கியதால் வரப்புச் சண்டை நின்றுபோனது. ஒரு குறுக்கம் நிலத்தை ஒரு கடா விலைக்குத் தருகிறேன் என்றாலும் கேட்பாரில்லை.

உடையப்பன் திண்டுக்கல் பேகம்பூரில் போய்ச் சிக்கினான். அங்கே தோல் பதனிடும் ஷெட் வைத்திருந்த ரஹ்மத்துல்லா, தோல் காயப்போடுகிற கயிற்றில் ஏதோ தொங்குவதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். ஏனென்றால் அந்தக் கயிறு பல மாதமாக வெறுங்கயிறாக இருந்தது. தோலை ஊறப்போடத் தண்ணீர் இல்லை. வண்டியில் வருகிற தண்ணீர் சோறாக்கவே பற்றவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆள்.

"யாருப்பா அது? எறங்கு."

"எறங்க முடியல பாய். பிடிச்சு இழுங்க."

ரஹ்மத்துல்லா இழுத்து இறக்கினார். அவர் மனைவி காதர் பீவி சோறும் கறி ஆணமும் கொடுத்ததில் உடையப்பனுக்குச் செத்த நேரம் கால் தரையில் பாவியது. அந்த நேரத்துக்குள் இரண்டு ஆண்களும் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த வருடங்களில் வேறு பேச்சு கிடையாது. பிறகு ரஹ்மத்துல்லா தெருமுனைப் பூட்டுப் பட்டறையிலிருந்து நான்கு மாங்காய்ப் பூட்டுகளை வாங்கிவந்து, உடையப்பனின் அரைஞாண் கயிற்றில் பக்கத்துக்கு இரண்டாகத் தொங்கவிட்டார். உடையப்பன் எதிர்க்காற்றில் ஊருக்கு நடந்தே வந்து சேர்ந்தான்.

அடுத்த சந்தைக்குள் வெள்ளைக்கரட்டில் எல்லோர் இடுப்பிலும் பூட்டு தொங்கியது. பூட்டி வைக்க ஒரு படி கம்புகூட இல்லாத ஊர் அது. திண்டுக்கல் பட்டறைகளில் அந்த வருடம்போல் வியாபாரம் நடந்ததில்லை. ஆண்களுக்குப் பெரிய பூட்டு, பெண்களுக்கு நடுத்தரம், பிள்ளைகளுக்குப் பெட்டிப் பூட்டு. ஊர் ஜனம் சேர்ந்து நடந்தால் தேர் வருகிற மாதிரிச் சத்தம் கேட்டது.

1954இல் சர்க்கார் பெரிய திட்டம் ஒன்றை அறிவித்தது. மலைக்குள்ளிருந்து செங்காட்டாறு இறங்கி, அடிவாரத்தில் தாழைக்கோம்பை என்ற ஊரை நனைத்துவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் குறுக்கே அணை கட்டி, கிழக்கே ஒரு கால்வாய் வெட்டி, வெள்ளைக்கரட்டுச் சமவெளிக்குப் பாசனமும் திண்டுக்கல் டவுனுக்குக் குழாய்த் தண்ணீரும் கொடுப்பது என்று முடிவாயிற்று. உபரித் தண்ணீர் பழைய ஆற்றிலேயே போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். தாழைக்கோம்பையில் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக வாழ்ந்த பெருமாள்சாமி, "ஆத்துல போற தண்ணிதானே, நாலு சனம் குடிக்கட்டும்" என்று சொல்லிப் பூமிபூசைக்குத் தன் தோப்பிலிருந்து இளநீர் வண்டி வண்டியாக அனுப்பினார்.

சுந்தரம்மாள் கால்வாய் வேலைக்குப் போனாள். மண் சுமந்தால் கூலி கிடைத்தது. மண் தலையில் இருக்கும்வரை பறக்கிற பயமும் இல்லை. வேலை நடந்த காலத்திலேயே அவளுக்குப் பேச்சாயி பிறந்தாள். பிறந்தபோது மருத்துவச்சி கையிலிருந்து குழந்தை கூரைக்கு ஏறிவிட்டது. முறத்தை வைத்து அமுக்கித்தான் இறக்கினார்கள். தொட்டிலின் மேல்வாயைத் துணியால் மூடிக் கட்டி வைத்திருந்தார்கள். கால்வாய்க் கரையில் கருவேல மரத்தடியில் அந்தத் தொட்டில் கீழே தொங்காமல் மேலே பார்த்து நிமிர்ந்து நிற்கும். சுந்தரம்மாள் கூடையை இறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணுக்கு நடப்பாள். இந்தப் பிள்ளையாவது தரையில் நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

1957 தை மாதம் தண்ணீர் வந்தது. நுரையும் சருகும் தென்னம்பாளையுமாக, நாய் மோந்து பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி நின்று நின்று வந்தது. சனம் இரண்டு கரையிலும் கூடவே நடந்தது. வெள்ளைக்கரட்டு எல்லைக்கு வந்ததும் சுந்தரம்மாள் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள், பிள்ளைக்கும் கொடுத்தாள், தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிள்ளையை ஈரமண்ணில் விட்டாள். பேச்சாயி மூன்று எட்டு வைத்தாள். மூன்று தடம் விழுந்தது. விரல் விரலாகத் தெரிந்த அந்தத் தடங்களை ஊரே வரிசையில் வந்து பார்த்தது. உடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரும் மிதித்துவிடாமல் பொழுது சாயும்வரை காவல் இருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கட்டில் கயிறுகள் தொய்ந்தன. அந்தச் சத்தம் கேட்டு முதல் வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பூட்டுகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. அதனால் ஒரு வருடம் பூட்டு வியாபாரம் படுத்தது, அடுத்த வருடம் வீடுகளில் பூட்டி வைக்கப் பொருள் சேர்ந்ததும் எழுந்து உட்கார்ந்தது. நிலத்தின் விலை கடாவிலிருந்து உழவுமாட்டு ஜோடிக்கும், அங்கிருந்து கல்லுவீட்டுக்கும் ஏறியது. டவுன்காரர்கள் பையில் பணத்தோடு வந்தார்கள். விற்றவர்களுக்கு மட்டும் ஏனோ கனம் திரும்பவில்லை என்பது தெரிந்ததும் விற்பதும் நின்றது. வெள்ளைக்கரட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றிருந்த ஊர்களிலிருந்து ஜாதகம் வந்தது. கன்னிவாடி ரோட்டில் பஸ் விட்டார்கள். பேகம்பூரில் தோல் ஊறியது. ரஹ்மத்துல்லாவின் கயிறுகள் நிறைந்து, பக்கத்து மனையிலும் கயிறு கட்ட வேண்டியதாயிற்று. கம்பும் கடலையும் போட்ட ஊர் நெல் போட்டது, நெல்லுக்குப் பிறகு கரும்பு போட்டது. வாய்க்கால் ராப்பகலாக ஓடியது. தண்ணீர் மிஞ்சி ரோட்டில் போனாலும் யாரும் திருப்பிவிடவில்லை. ஓடட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது என்றார்கள். உடையப்பன் கனத்துப்போனான். அவன் ஏறினால் பஸ் ஒரு பக்கம் சாயும். கண்டக்டர் அவனுக்கு லக்கேஜ் டிக்கெட்டும் சேர்த்துக் கிழித்தார்; அவன் பெருமையோடு வாங்கிக்கொண்டான்.

1960 ஆடியில் பெருமாள்சாமி வந்து விழுந்தார். சுந்தரம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் நெற்பயிரின் நுனியில், பாயில் படுத்த மாதிரி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மல்லாந்து கிடந்தார். பயிர் வளையவில்லை.

"யாருய்யா அது, பயிரு மேல?"

"தாழைக்கோம்பை பெருமாள்சாமி தாயி. செத்த கையப் பிடிச்சுக்க. இன்னொரு காத்து வந்துச்சுன்னா திண்டுக்கல்லுக்குப் போயிருவேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக அவள் மறந்திருந்த ஒன்று அந்தக் கையில் இருந்தது. இருந்தது என்பதைவிட, அங்கே கனம் என்று ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூட்டிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"எங்க ஆத்துத் தண்ணி. ருசி மாறல."

"அண்ணே…"

"குத்தம் சொல்ல வரல தாயி. நானா வரவும் இல்ல, காத்து கொண்டாந்துச்சு. உபரி வரும்னாக. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

சுந்தரம்மாள் இரண்டு குடம் தண்ணீரை நிரப்பி, அவருடைய இரண்டு கையிலும் கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலை மூடி உட்கார வைத்துக் கூடவே போனாள். கண்டக்டர் அவருக்கு அரை டிக்கெட் கிழித்தார். தாழைக்கோம்பையில் தென்னை மரங்களுக்கு மேலே வலை கட்டியிருந்தார்கள். காம்பு விட்ட தேங்காய்கள் கீழே விழாமல் மேலே போய்விடுவதால் அப்படி. கொடிக்காலில் கொடி காய்ந்துபோய், படரவிட்ட கம்புகள் மட்டும் நின்றன. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியிருந்த இடத்தில் பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் எப்படி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது சுந்தரம்மாள் உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அணை இலாகாவில் போய்க் கேட்டாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கால்வாய்க்குப் போக மிஞ்சினால் ஆற்றுக்கு, அதுதான் திட்டம். மிஞ்சவில்லை என்றால் அவர் என்ன செய்ய முடியும் என்றார். அவள் ஊர் மந்தையில் கூட்டம் போட்டுச் சொன்னாள். முதலில் எதிர்த்தவன் உடையப்பன்.

"வந்த தண்ணிய எவனாச்சும் திருப்பி விடுவானா? நாம பறந்தப்ப அவுக வந்து பிடிச்சாகளா?"

"பிடிக்கல. அவுகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரிஞ்சு போச்சே."

"பாதிய விட்டா நாமளும் பறப்பம். எம் புள்ள மறுபடி தொட்டில்ல மேல பாத்து நிக்கணுமா?"

"அங்கயும் தொட்டில் அப்படித்தான் நிக்குது. பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

கூட்டம் ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தது. மறுநாள் விடிந்ததும் சுந்தரம்மாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஊர்ப் பெண்களில் பாதிக்கு மேல் அவளோடு ஏறினார்கள். அடுத்த பஸ்ஸில் சில ஆண்களும் போனார்கள்.

கால்வாய் தொடங்குகிற இடத்தில் ஒரு மதகு. அதன் இரும்புப் பலகை, மறுமுனையில் பாரக்கல் தொங்கிய சங்கிலியில் மேலே தூக்கப்பட்டு, மூன்று வருடமாக இறங்காமல் துருவேறி நின்றது. பலகையின் தலையில் ஒரு நீளமான குறுக்குச் சட்டம். பலகை இறங்கினால் கால்வாய் அடைபட்டு, தண்ணீர் அணையில் ஏறிப் பழைய ஆற்றுக்கு வழியும். மதகுக் காவலுக்குப் பொம்மையன் என்ற லஸ்கர் இருந்தான்.

"இதுல ஒக்காரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா அப்பு?" என்று சுந்தரம்மாள் கேட்டாள்.

பொம்மையன் யோசித்தான். "எறக்கக் கூடாதுன்னு இருக்கு. ஒக்காரக் கூடாதுன்னு இல்ல."

அவள் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நெல்லும் கரும்பும் மூன்று வருடம் சாப்பிட்ட உடம்புகள். பலகை கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. செய்தி கேட்டுத் தாழைக்கோம்பையிலிருந்து ஓடிவந்தவர்களும் ஆவலோடு ஏறி உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததில் பலகை நூல் அளவும் அசையவில்லை. குருவிக் கூட்டம் வந்து அமர்ந்த மாதிரி இருந்தது. பெருமாள்சாமி தன்னைத் துண்டால் கைப்பிடிக் கம்பியோடு கட்டிக்கொண்டு, அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதையும், விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றுவிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கனம் வேண்டியிருந்தது. வெள்ளைக்கரட்டில் மிச்சமிருந்த பெருங்கனம் ஒன்றுதான்.

உடையப்பன் காலை நேரத்துக் கடைசி பஸ்ஸில் வந்தான். வந்தவன் கரையிலேயே நின்றான். தாழைக்கோம்பைக்காரி ஒருத்தி கைக்குழந்தையை முந்தானையால் வயிற்றோடு கட்டியிருந்தாள். காற்று வரும்போதெல்லாம் குழந்தை முந்தானையோடு எழும்பியது, அவள் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, "நகரு" என்று மனைவியிடம் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகை முனகிக்கொண்டு பாதிக்கு இறங்கியது. அணையின் விளிம்பில் தண்ணீர் மினுங்கியது, வழிந்தது, பழைய ஆற்றில் தொபீரென்று விழுந்தது. தாழைக்கோம்பை சனம் கத்திக்கொண்டு தண்ணீரோடு ஓடியது. கால் பாதி நேரம் தரையில், பாதி நேரம் காற்றில்.

எழுந்தால் பலகையும் எழுந்தது. அதனால் யாரும் எழவில்லை. போலீஸ் வந்தது. சுந்தரம்மாளைத் தூக்க முயன்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் ரஹ்மத்துல்லா ஒரு லாரியில் பிரியாணிச் சட்டிகளோடு வந்து இறங்கினார். உட்கார்ந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பரிமாறினார்கள். சாப்பிட்ட பிறகு பலகை பாதிக்கும் கீழே போய்விட, இரண்டு பேரை இறங்கச் சொல்ல வேண்டியிருந்தது. முழுதாக இறக்கிவிடலாமே என்று தாழைக்கோம்பை வாலிபர்கள் கேட்டபோது, "வேணாம்டா, பாதி போதும்" என்று பெருமாள்சாமியே அதட்டினார்.

சாயங்காலம் அதிகாரி ஜீப்பில் வந்தார். கால்வாயில் தண்ணீர் போவதைப் பார்த்தார். ஆற்றிலும் போவதைப் பார்த்தார்.

"ஏந்திரும்மா" என்றார்.

"ஏந்திரிக்க முடியலீங்க ஐயா. தண்ணி குடிச்ச ஒடம்பு" என்றாள் சுந்தரம்மாள்.

"டவுனுக்குக் கொறைஞ்சா என்ன செய்வீங்க?" என்று அவர் ரஹ்மத்துல்லாவைக் கேட்டார்.

"தொட்டி கட்டிக்கிறோம் சார். தோலு ரெண்டு நாள் காத்திருக்கும். குடிக்கிற சனம் காத்திருக்குமா?"

அதிகாரி வெகுநேரம் அணையின் மேல் நடந்தார். பிறகு பொம்மையனைக் கூப்பிட்டு, பலகை நின்ற இடத்தில் இரும்பு ஆப்பு அடிக்கச் சொன்னார். ஆப்பு இறங்கியதும் சனம் எழுந்தது. பலகை எழவில்லை. வெள்ளைக்கரட்டுக்காரர்களும் தாழைக்கோம்பைக்காரர்களும் அன்று எழுப்பிய குலவைச் சத்தம் கன்னிவாடிக் கடைத்தெரு வரை கேட்டது. கடைக்காரர்கள் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் என்று விசாரித்தார்கள்.

பாதித் தண்ணீரில் கரும்பு நிற்காது என்பதால் வெள்ளைக்கரடு சின்ன வெங்காயத்துக்கு மாறியது. தக்காளி போட்டார்கள், கனகாம்பரம் போட்டார்கள், ரோட்டில் ஓடிய தண்ணீரைத் திருப்பி வாய்க்காலில் விட்டார்கள். கரும்பு கொடுத்ததைவிட வெங்காயம் அதிகம் கொடுத்தது. யாரும் பறக்கவில்லை. உடையப்பன் இளைத்தான், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியபோது மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டான். தாழைக்கோம்பையில் தேங்காய்கள் கீழே விழ ஆரம்பித்தன. முதல் காய் பெருமாள்சாமியின் ஓட்டுவீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு அடுப்படியில் விழுந்தது. அவர் உடைந்த ஓட்டை மாற்றவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். ரஹ்மத்துல்லா கட்டிய தொட்டி பேகம்பூரிலேயே பெரிது. அதைப் பார்த்து மற்ற ஷெட்காரர்களும் கட்டினார்கள். கொத்தனார்களுக்கு இரண்டு வருடம் ஓயாத வேலை கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் மணங்கும் வீசையும் போய்க் கிலோ வந்தது. புதுத் தராசு சரியா தப்பா என்று திண்டுக்கல் வெங்காய மண்டியில் தினமும் தகராறு. ஒருநாள் வெள்ளைக்கரட்டு வெங்காய மூட்டை ஒன்றும் தாழைக்கோம்பைத் தேங்காய் மூட்டை ஒன்றும் தற்செயலாக எதிரெதிர்த் தட்டில் ஏறின. முள் எந்தப் பக்கமும் சாயாமல் நட்டமாக நின்றது. மூட்டையை மாற்றிப் பார்த்தார்கள், பெரியதை எடுத்துச் சிறியதை வைத்தார்கள், பாதியைக் கொட்டிவிட்டும் வைத்தார்கள். இந்த ஊர்ச் சரக்கும் அந்த ஊர்ச் சரக்கும் எதிரெதிரே இருந்தால் முள் நட்டமாகவே நின்றது. காரணம் யாரும் கேட்கவில்லை, வியாபாரிகளுக்கு நேரமில்லை. அன்றிலிருந்து மண்டியில் தராசைச் சரிபார்க்க எடைக்கல் தேடுவதில்லை. இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு மூட்டையை ஏற்றி, முள் நின்றால் தராசு சரி, சாய்ந்தால் ரிப்பேருக்கு அனுப்பு என்று வைத்துக்கொண்டார்கள். 1966 பங்குனியில் ஒருநாள் அப்படித் தன் மூட்டையைத் தட்டில் ஏற்றிவைத்து மண்டிக்காரர்கள் குனிந்து குனிந்து பார்ப்பதைச் சுந்தரம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"பாத்தாச்சுல்ல? எறக்கு அப்பு, வெலையப் பேசுவம்" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."